கொண்டை சிவக்கும்வரை

என் மனைவி பேச்சில் மகா சிக்கனம். பத்து வார்த்தை வேண்டிய இடத்தில் மூன்றுதான் வரும். அந்த மூன்றையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. கடிகாரம் பழுதுபார்க்கிறவன் என்கிற திமிர் எனக்கு. கண்ணில் லென்ஸை மாட்டிவிட்டால் என்னிடமிருந்து எதுவும் தப்பாது என்ற நினைப்பு.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு கோழிதான். தலையில் இறகு கொத்தாக நின்றதால் அதற்குத் தொப்பிக்காரி என்று பெயர் வைத்தாள். நூல் ஆலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவாள். கொல்லையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, மேற்பார்வையாளன் திட்டியதையெல்லாம் தொப்பிக்காரியிடம் சொல்வாள். என்னிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தாலும் நான் எங்கே கேட்டிருப்பேன்?

ஒரு நாள் தெருநாய் அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. பிறந்து ஒன்பது நாளே ஆன ஆறு குஞ்சுகள் மிஞ்சின. அட்டைப்பெட்டியில் போட்டு, என் வேலை அறையில் பல்பு வெளிச்சத்தில் வைத்தாள். ஒரே இரைச்சல், நாற்றம். மூன்றாம் நாளே எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பொட்டை எது சேவல் எதுன்னு இன்னைக்கே சொல்லிடறேன். ஒரு பொட்டையை வச்சுக்க. மத்ததைக் கொடுத்துடலாம்."

"ஆறு வாரம் பொறுங்க. கொண்டை சிவக்கிறதை வச்சுத் தெரிஞ்சிடும்."

"அதுவரைக்கும் இந்த நாத்தத்துல எவன் உக்கார்றது?"

இறக்கையின் இரண்டு வரிசை இறகுகளும் ஒரே நீளம் என்றால் சேவல், ஒன்று நீண்டிருந்தால் பொட்டை என்று எங்கோ படித்திருந்தேன். லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பொட்டை, ஐந்து சேவல் என்று தீர்ப்பு சொன்னேன். ஐந்தில் ஒன்றுக்குத் தலையில் லேசாகக் கொத்து முளைத்திருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இதையாவது வச்சுக்கலாமே. இது பொட்டை மாதிரிதான் நிக்குது."

"நிக்கிறதை வச்சு நீ சொல்லுவ, லென்ஸ் வச்சுப் பார்த்த நான் முட்டாளா?"

கீழே வைத்துவிட்டாள். கோழியும் வளர்க்கிற தெருக்கோடி முட்டைக்கடைக்காரர் ஐந்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

அவள் வளர்த்த அந்த ஒற்றைப் 'பொட்டை'க்கு எட்டாவது வாரம் கொண்டை ரத்தச் சிவப்பு. ஒரு நாள் காலை நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கழுத்தை நீட்டிக் கூவியது. அவள் டம்ளரை வைத்துவிட்டு, "கூவுது," என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

அந்த இறகுக் கணக்கு பண்ணையில் அதற்கென்றே இனம் சேர்த்துப் பொரித்த குஞ்சுகளுக்கு, அதுவும் பிறந்த ஓரிரு நாளைக்குத்தான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவளிடம் சொல்லிவிட்டு முட்டைக்கடைக்கு ஓடினேன்.

"அஞ்சுல நாலு பொட்டைண்ணே," என்றார் கடைக்காரர். "வெட்டின பிறகுதான் கறிக்கடையில சொன்னாங்க. சேவல்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் முட்டைக்கு வைக்காம கறிக்கு அனுப்பிட்டேன்."

"தலையில கொத்து வச்சது?"

"அதுவும் பொட்டைதான். போன வாரம் போச்சு."

வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

வாயைத் திறந்தேன். உண்மை வரவில்லை. "கொத்து வச்சது பொட்டைதானாம். யாரோ வீட்டுல வளக்க வாங்கிட்டுப் போனாங்களாம். நல்லா இருக்காம்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. நேற்று அந்த அட்டைப்பெட்டியைத் தட்டி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். என்றைக்கும் இல்லாமல் நிறையப் பேசினாள்.

"இந்நேரம் முட்டை விட ஆரம்பிச்சிருக்கும், இல்லீங்க? அடை உக்காந்தா அவங்ககிட்ட கேட்டு ஒரே ஒரு குஞ்சு வாங்கிட்டு வாங்க. நீங்க பார்க்கவே வேணாம். கொண்டை சிவக்கிறவரைக்கும் நான் பொறுத்துப் பார்த்துக்கறேன்."

"சரி," என்றேன்.