பன்னிரண்டு மணி வரை ராகு காலம்

ஒரே ஊரில் மூன்று மாதத்துக்கு மேல் என்னால் இருக்க முடிந்ததில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டபின் கருவேலம் வெட்டினேன், மூட்டம் போட்டுக் கரி எடுத்தேன், திருப்பூரில் துணி மடித்தேன். பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் ஏறி சத்தீஸ்கர் வரை போனேன். அங்கே குழாய் இறக்கிக்கொண்டிருந்தபோது பெரியப்பா மகளான அக்கா போனில் கூப்பிட்டாள்.

“ஏலே, எந்தக் காட்டுல கெடக்க? கோர்ட்டுல உன்னையக் கேக்குறாக. கெளம்பி வா.”

பெரியப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மில் வேலை பார்த்துத் திருச்சுழிப் பக்கம் மூன்று ஏக்கர் கரிசல் வாங்கியவர். அதில் ஒரு கிணறும் ஓட்டு வீடும் உண்டு. மகன்கள் இருவரும் வெளியூரில் தங்கிவிட்டார்கள். புருஷன் விட்டுப்போன அக்காதான் கடைசி ஆறு வருடம் அவரைக் குளிப்பாட்டிச் சோறு போட்டாள், அந்தக் கரிசல் காட்டிலும் பாடுபட்டாள். எல்லாம் அவளுக்கே என்று பெரியப்பா உயில் எழுதினார். பதிவு செய்யவில்லை. சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவன் நான். உயிலே பொய் என்று அண்ணன்மார் வழக்குப் போட்டிருந்தார்கள்.

அருப்புக்கோட்டையில் வந்து இறங்கினால் வாய்தா. அடுத்த முறையும் வாய்தா. அக்கா வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மதுரை, தூத்துக்குடி, ராமேஸ்வரம் என்று பஸ்களின் பலகைகளைப் படித்துவிட்டுத் திரும்புவேன்.

“கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உக்காந்து வெங்காயத்தை உரிடா” என்பாள் அக்கா.

சட்ட உதவி மையத்தில் அவளுக்கு ஒரு வக்கீலம்மாவை நியமித்திருந்தார்கள். சின்ன வயது. நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிய நாளுக்கு முந்தின வாரம், அக்காவையும் என்னையும் உட்காரவைத்துக் கேட்டார்.

“அவரு கையெழுத்துப் போட்டதை நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“இல்லம்மா.”

அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

நடந்ததைச் சொன்னேன். அன்று வெள்ளிக்கிழமை. பத்திரம் எழுதுகிறவர் கடையில் உயில் தயாராகும்போது மணி பதினொன்றரை. பன்னிரண்டு வரை ராகு காலம். அது கழியட்டும் என்று பெரியப்பா பேனாவைத் தொடவில்லை. எனக்கோ பதினொன்றே முக்காலுக்கு மதுரை பஸ். “சாட்சிக்கு ஏதுய்யா ராகு காலம்? போட்டுட்டுக் கெளம்புங்க” என்று எழுதுகிறவர் சிரித்தார். நானும் மற்றவரும் போட்டோம். பெரியப்பா போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பஸ் பிடித்துப் போய்விட்டோம்.

“அவரு போட்ட பெறகுல்ல நீங்க போட்டிருக்கணும். இது நிக்காதே” என்றார் வக்கீலம்மா.

“பாத்தேன்னு சொல்லட்டுமே. போட்டது எங்கய்யாதான?” என்றாள் அக்கா.

“பொய்னு தெரிஞ்சு இவரைக் கூண்டுல ஏத்த மாட்டேன்க்கா. மாட்டுனா உங்க தம்பி உள்ள போகணும்.”

“போகட்டுமே. அங்கயாச்சும் ஒரு எடத்துல இருப்பான்.”

வக்கீலம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

உயில் நிற்காவிட்டாலும் மகளுக்குச் சம பங்கு உண்டு என்று வக்கீலம்மா விளக்கினார். மூன்றில் ஒன்று. அந்தப் பங்கு வீடும் கிணறும் இருக்கும் ஏக்கராக அமைய வேண்டும் என்று சமரசம் பேசினார். ரோட்டோர இரண்டு ஏக்கர் நல்ல விலைக்குப் போகும் என்பதால், இரண்டு முறை முறைத்துவிட்டு அண்ணன்மார் சம்மதித்தார்கள்.

கையெழுத்துப் போடும் நாளும் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. மணி பதினொன்று. “பன்னெண்டு ஆகட்டுமே” என்று பெரிய அண்ணன் இழுத்தார்.

“எங்கய்யா பாத்த ராகு காலம் போதும்” என்று அக்கா பேனாவை வாங்கிப் போட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ரோட்டோரம் அந்த இரண்டு ஏக்கரைத் தாண்டும்போது அவள் விதைத்த சோளம் இடுப்பளவு நின்றது.

“அன்னைக்கு அரை மணி நேரம்டா” என்றாள்.

அவள் பங்குக்கு வந்த கிணறு தூர்ந்து கிடந்தது. அதைத் தூர் வாரி முடிக்கும் வரை இருந்தேன். நாலு மாதம் ஆனது. அதன் பிறகுதான் பஸ் ஏறினேன்.