வைக்கோல் போருக்கு அடியில் உப்பு

"அம்மா, இவங்கல்லாம் எங்க போறாங்க?"

இது என் நான்கு வயது மகளின் கேள்வி. அவள் விரல் வைத்துக் காட்டியது பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தை. பாதிக்கு மேல் வானம். கீழே மணல் பாதையில் தலையில் கூடையோடு ஒரு பெண், பின்னால் இரண்டு ஆண்கள், ஒரு நாய். தூரத்து வெட்டவெளியில் சில மேடுகள். அதை அப்படியே பார்த்து வரைந்து எண்ணெய் வண்ணம் பழகச் சொன்னவர், பாண்டிச்சேரியில் ஞாயிறுதோறும் எனக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியை. என்னைவிட வயதில் சிறியவர். நான் மேடம் என்பேன், அவர் அக்கா என்பார். இந்தப் பிரதியை ஒழுங்காக முடித்தால்தான் சொந்தப் படம் வரைய விடுவார். எனக்கு வரைய வேண்டியது எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும் உப்பளம். அந்த ஆசைக்காகத்தான் இத்தனை பாடும்.

மகள் பள்ளிக்குப் போனதும் மாடிக்கு ஏறிவிடுவேன். வண்ணம் கரைக்கும் டர்பன்டைனின் வாசனை குழந்தைக்கு ஆகுமா என்று மேடத்திடம் மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் "மாடியில காத்தோட்டமா வச்சா ஒண்ணும் ஆகாதுக்கா" என்ற ஒரே பதில்தான். ஆனாலும் பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டு, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அவளைத் தூக்குவேன். வீட்டு வேலையை வைத்துக்கொண்டு இப்படி உட்காரலாமா என்ற எண்ணமும் வரும். ஆனால் மேகத்தின் அடியில் காய்ந்த தூரிகையால் சாம்பல் நிறத்தை லேசாக இழுத்த அன்று, அது உருண்டு திரண்டு எழுந்தது. யாருமில்லாத மாடியில் நானே கைதட்டிக்கொண்டேன்.

மனிதர்கள்தான் வரவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் விறைத்து நின்றார்கள். நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா உப்பளத்தில்தான் வேலை செய்கிறார். அவரும் மற்ற பெண்களும் கூடை சுமந்து வருவதை மாடியிலிருந்து பார்த்தேன். பாரத்தோடு நடக்கும்போது இடுப்பு அசைகிறது, கழுத்து அசைவதில்லை. அதை அப்படியே படத்துப் பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் நடந்துவிட்டாள்!

இதைச் சொன்னதும் அண்ணி விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் இரண்டு பேரை மாடிக்கே கூட்டி வந்துவிட்டார்.

"இன்னாடி இது, நம்மள மாதிரியே நடக்குறா?" என்றார் ஒருவர்.

"பின்ன, மேலேர்ந்து நம்மளத்தான் இவ நோட்டம் வுட்டுக்கினு இருந்துருக்கா" என்றார் அண்ணி.

"அந்த நாய் மட்டும் நம்ம ஊரு இல்ல. இவ்ளோ கொழுப்பு ஏது?" என்றார் மற்றவர். பிறகு தூரத்து வெளியைக் காட்டி, "அம்பாரத்துக்கு ஓலை போட்டு மூடிட்டாங்க பாரு. மழை வரப்போவுது" என்றார்.

மூவரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களை ஓலை வேய்ந்து மூடுவது இங்கே எல்லாரும் பார்ப்பதுதானே? அச்சுப்படத்தின் தூரத்தில் பழுப்பாக, நீளமாக, தாழ்வாக நான்கு மேடுகள் இருந்தன. ஓலைக்கு அடியில் உப்பு தெரிய வேண்டுமென்று ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருந்தேன்.

அன்று மாலை படத்தைப் போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அக்கா, ஃபிகர்ஸ் சூப்பரா வந்துருக்கு. ஆனா அந்தப் போருக்கு அடியில இன்னாக்கா வெள்ளையா? பனியா?"

"உப்பு மேடம்."

மறுமுனையில் அப்படியொரு சிரிப்பு. "அக்கா, அது வைக்கோல் போர்க்கா!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எந்தத் தேசத்து வயலிலோ போய் உப்பு கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். சிரித்து முடித்ததும் மேடம் சொன்னார்: "காப்பின்னா காப்பிதான்க்கா. ஈரமாத்தான் இருக்கும், துணியால தொடச்சா வந்துடும். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க, அப்புறம் உங்க உப்பளத்த ஆரம்பிக்கலாம்."

துணியை எடுத்துக்கொண்டு நின்றேன். அண்ணி பார்த்துவிட்டார், மேடம் சொன்னதைச் சொன்னேன். "தொட்ட, அவ்ளோதான். மூணு பேர் பாத்து உப்புன்னு சொல்லிட்டோம். உங்க மேடம் உப்பளம் பாத்துருக்காங்களாமா?"

இன்று வியாழக்கிழமை. வெள்ளை இன்னும் விரலில் ஒட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இறுக ஆரம்பித்துவிடும். பிறகு சுலபமாகத் துடைக்க முடியாது. துடைத்தால் சரியான பிரதி, சொந்தப் படத்துக்கு அனுமதி. ஆனால் அந்த நான்கு கோடுகளும் நான் எதையும் பார்த்து வரையாதவை, நானாக வைத்தவை. துடைக்காமல் கொண்டுபோனால் சொன்னதைக் கேட்காத மாணவியாகி, இன்னொரு பிரதிக்கு உட்கார வேண்டியிருக்கும். பள்ளியிலிருந்து இன்றுவரை ஆசிரியர் திருத்தச் சொன்ன எதையும் நான் திருத்தாமல் விட்டதில்லை. ஓவியம் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: துடைக்கட்டுமா, உப்போடு பஸ் ஏறட்டுமா?