அத்தையின் பேட்டி

என் மகள் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கிறாள், பதினான்கு வயது. குடும்பத்தில் ஒருவரைப் பேட்டி எடுத்துக் காணொளி செய்துவரச் சொல்லியிருக்கிறார்களாம். நேற்று அவள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டியதும் நான் எழுந்து அறைக்குள் போய்விட்டேன். "ஏன்மா, ரெண்டு நிமிஷந்தான் லா," என்றாள். அதைப் பார்த்ததும் எனக்கு என் அத்தையின் நினைவு வந்துவிட்டது.

அவள் வயதில் எனக்கும் இதே வேலை வந்தது. கூலாய் ஊரில் எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலையில்தான் நடக்கும். புதிதாக வந்த டீச்சர், கட்டுரை எழுதியது போதும், வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுத்து வீடியோவாகக் கொண்டுவாருங்கள் என்றார். கேமரா இல்லாதவர்கள் இருப்பவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். எனக்கு அந்தக் கவலை இல்லை. சித்தப்பா கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர்.

அவர் கேமராவில் ஒரு விசேஷம் உண்டு. படம் பதிவாகும்போது எரியும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார். விளக்கைக் கண்டால் கல்யாண வீட்டார் விறைத்துப்போகிறார்களாம்.

நான் அத்தையைப் பிடித்தேன். லாபிஸ் ஊரில் வாழ்க்கைப்பட்ட அத்தை, அப்பாவின் தங்கை, அப்போது எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஏன் என்று கேட்டால் உடம்பு சரியில்லை என்பார்கள். அத்தை பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்து, படித்த பள்ளி, பிடித்த சாப்பாடு என்று எல்லாவற்றையும் சிரித்தபடி சொன்னார். முடிந்ததும் பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தி, கேமராவைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு ஐஸ் வாங்க ஓடினேன். பொத்தான் சரியாக அழுந்தவில்லை. அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய விளக்கு டேப்புக்கு அடியில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் அத்தையின் சிரிப்புக்குப் பிறகு, திரை நிறைய எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் வந்து நின்றது. பின்வரிசையில் ஒருவன், "அலமாக், குக்கருக்கும் பேட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அம்மாவின் குரல் கேட்டது. சனிக்கிழமை மத்தியானம் அத்தையின் கணவரான மாமா வந்து அத்தையைக் கூட்டிப்போகிறார், அப்பாவும் சரி சொல்லிவிட்டார் என்றது அந்தக் குரல்.

"போனா இந்தத் தடவ உயிரோட திரும்ப மாட்டேன் அண்ணி." இது அத்தை.

"மெதுவா பேசு. புள்ள வந்துறப் போவுது."

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எங்கள் வீட்டில் வெயிலுக்கும் செத்தேன் என்பார்கள், மாமியார் வருகைக்கும் செத்தேன் என்பார்கள். ஆனால் டீச்சர் டிவியை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார். என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு ஓட்டினார். இவ்வளவு மோசமாக வீடியோ எடுத்ததற்கு அப்பாவிடம் புகார் சொல்லத்தான் வருகிறார் என்று எனக்குப் பயம். திரும்ப எடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் இன்னும் வேகமாக ஓட்டினார்.

வாசலில் மாமாவின் கார் நின்றது. பெட்டியை ஏற்றியாகிவிட்டது. மாமா அப்பாவிடம் செம்பனை எண்ணெய் விலையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை பின்னிருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய்க் கார்க் கதவைத் திறந்து குனிந்தார்.

"உங்களுக்குப் போக இஷ்டமா?"

அத்தை அப்பாவைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார், இல்லை என்று.

மாமா சத்தம் போட்டார். இது குடும்ப விஷயம், வாத்தியாரம்மா பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார். டீச்சர் கதவைப் பிடித்தபடியே நின்றார். அப்பா காரின் பின்னால் போய்ப் பெட்டியைத் தன் கையாலேயே இறக்கினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

போகாமல் இருப்பதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பேட்டியில் நான் கேட்காமல் விட்ட கேள்வியை டீச்சர் கேட்டுவிட்டாரே, அதற்கு எத்தனை மதிப்பெண் குறைப்பாரோ என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.