பலகை கழற்றிய பாலம்

மில்லின் பின்வாசலுக்கு எதிரே விருஷபாவதி ஆற்றின் மேல் ஒரு தொங்குபாலம் இருந்தது. இரு கரையிலும் கல்தூண், இடையில் இரும்பு வடங்கள், மிதிக்கப் பலகை, பிடித்துக்கொள்ள மேலே இன்னொரு வடம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் பங்களாவிலிருந்து பூட்ஸ் நனையாமல் மில்லுக்குப் போகக் கட்டினாராம். தொழிலாளிகள் வேட்டியை மடித்துக்கொண்டு பாலத்துக்குக் கீழே தண்ணீரில் நடப்பார்களாம். துரை கார் வாங்கிய பிறகுதான் பாலம் அவர்களுக்குக் கிடைத்தது. நான் சேர்ந்த தொண்ணூறுகளில் அதை யாரும் ஆறு என்று சொல்லவில்லை. மோரி என்றுதான் பெயர். அவ்வளவு சாக்கடை.

நான் அங்கே பதிலி. நிரந்தரத் தொழிலாளி யாராவது லீவு போட்டால் அன்றைக்கு எனக்கு வேலை. என் மனைவியின் தம்பி நிரந்தரம். அவன்தான் என்னைச் சேர்த்துவிட்டான். எந்த வீட்டு விசேஷத்திலும் அதைச் சொல்லாமல் அவன் சாப்பிட்டதில்லை.

ஒரு வருடம் வேலைநிறுத்தம் வந்தது. பதிலிகளைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை. எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து மில்லிலிருந்து சொல்லியனுப்பினார்கள்: திங்கட்கிழமை காலைச் சங்கு ஊதுமுன் உள்ளே வந்து நிற்கிற பதிலிக்கு வேலை நிரந்தரம்.

முன்வாசலில் சங்கத்துக்காரர்கள் இருப்பார்கள் என்று பாலத்துக்குப் போனேன். அங்கேயும் சங்கத்துக்காரர்கள். பலகைகளை எல்லாம் கழற்றிக் கரையில் அடுக்கி, அவற்றின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மைத்துனன்.

“வாங்க மாமா. பாலம் ரெடியா இருக்கு.”

“வழி விடுப்பா. நான் உங்க சங்கத்துலயே இல்ல.”

“நாங்க எங்க மறிச்சோம்? தாராளமா போங்க. டேய், மாமாவுக்குக் கொடை புடிங்கடா.”

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கீழ்வடத்தில் கால் வைத்து, மேல்வடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். பாதியைத் தாண்டியதும் வடம் ஆடியது. திரும்பிப் பார்த்தேன். மைத்துனன் வடத்தின் மேல் ஒரு காலை வைத்து, தையல் மிஷினை மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டிருந்தான். கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்தது.

“கெட்டியா புடிங்க மாமா. எங்கக்கா தாலி கெட்டியான்னு பாக்கறோம்.”

விழுந்தேன். ஆழமில்லை, இடுப்புவரை கறுப்புச் சேறு. வாய்க்குள்ளும் போனது. யாரும் இறங்கவில்லை.

“குரு, மீனு கீனு கெடைச்சா சொல்லு” என்றான் கரையிலிருந்து ஒருவன், என்னைப் பார்த்து.

எதிர்க்கரையில் ஏறிப் பின்வாசலைத் தட்டினேன். வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுச் சந்தில் பார்த்தார்.

“அண்ணா, சங்கு இன்னும் ஊதல. உள்ள விடுங்க.”

“வெள்ளை நூலு ஓடற எடம்பா இது. குளிச்சிட்டு வா.”

“எங்கண்ணா குளிக்கறது?”

“வந்த வழி இருக்குதில்ல.”

சங்கு ஊதும்வரை கதவருகிலேயே நின்றேன். ஊதியது. திரும்பிப் போகவும் மோரிதான் வழி. துரை காலத்து ஆட்களைப்போலப் பாலத்துக்குக் கீழே நடந்தேன். கரையில் கை தட்டினார்கள்.

வீட்டில் மனைவி தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

“அவன் வெளையாட்டுப் புள்ள” என்றாள்.

அன்று முன்வாசலில் எப்படியோ நுழைந்துவிட்ட இரண்டு பதிலிகள் நிரந்தரமானார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பலகைகளைத் திரும்ப மாட்ட ஆள் தேவைப்பட்டது. பதிலி என்று என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டி முடித்ததும் மைத்துனன் முதல் ஆளாக ஏறி, நடுவில் நின்று இரண்டு தரம் குதித்துப் பார்த்தான்.

“மாமா, இங்க ஒரு போல்ட்டு லூசா இருக்கு.”

அவன் காலடியில் குனிந்து முடுக்கினேன்.