மாசியிலேயே பூத்துத் தொலைத்த கொன்றை

எங்கள் வீட்டு முற்றத்துக் கொன்றையை நான் நட்டதில்லை. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. அது உதிர்க்கிற இலையைக்கூட என் மனைவிதான் பெருக்குவாள். ஆனால் பெருமை முழுவதும் எனக்கு. சித்திரை விஷுவுக்கு எங்கள் பக்கம் கனி வைப்போம். விளக்கு, வெள்ளரி, மாங்காய், பலா, கண்ணாடி, அரிசி எல்லாம் வைத்து அதன்மேல் கொன்றைப் பூவைச் சாற்றி, விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டே வந்து அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெருவில் பாதிப்பேர் பூவுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நானும் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கோயில் தர்மகர்த்தா பாவனையில் கொத்துக் கொத்தாக வழங்குவேன்.

அந்த வருஷம் தை மாதம், என் மனைவிக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நாலைந்து வருஷமாகவே அவளுக்கு நிறமெல்லாம் மங்கிக்கொண்டு வந்தது. ஆனால் கத்தி என்றதும் பயந்துவிட்டாள்.

"உள்ளதும் போச்சுன்னா என்ன செய்வேன்?" என்றாள்.

"விஷுவுக்கு நாலு நாள் முன்ன செய்வோம். கறுப்புக் கண்ணாடியப் போட்டுட்டே இரு. விஷு அன்னைக்கு விடிய எடு. மொதல்ல நீ பாக்கது நம்ம கொன்னைப் பூவாத்தான் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

"அந்த மஞ்சள ஒருக்கா பழைய மாதிரி பாத்தாப் போரும்" என்று சொல்லி ஒத்துக்கொண்டாள். மரத்தை யாரும் கேட்கவில்லை.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த வருஷம் மச்சைத் துளைத்தது வெயில்தான். ஐப்பசி, கார்த்திகையிலேயே மழை ஏமாற்றியிருந்தது. மாசி பாதியில் எங்கள் கிணற்றில் வாளி தரைதட்டியது. பத்மநாபபுரத்தைச் சுற்றி எந்தக் குளத்தைப் பார்த்தாலும் வெடித்த சேறுதான். ஏத்தன் வாழை போட்டவர்கள் குலை தள்ளுமுன்னே தண்டு ஒடிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்துப் புலம்பியபோது எங்கள் கொன்றை மட்டும் ஒரே வாரத்தில் உச்சி முதல் அடிவரை பூத்துத் தள்ளியது.

புத்தியுள்ளவன் என்றால் அப்போதே பயந்திருப்பான். நான் படம் எடுத்து மஸ்கட்டில் இருக்கும் மச்சான்வரைக்கும் அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்காரர், பலசரக்குக் கடை வைத்திருப்பவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மக்கா, இது கனிக்கு உள்ள பூவாக்கும். இப்பமே பூத்துட்டுன்னா அப்பம் என்னத்தப் பூக்கும்?"

"உமக்குப் பொறாமை வே. இது வெள்ளோட்டம். அசல் தேரு பொறவுதான் வரும்" என்றேன்.

பங்குனி பிறந்ததும் முற்றம் முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. மனைவி பெருக்கி அள்ளினாள். அவளிடமும் அதே வெள்ளோட்டக் கதையைச் சொன்னேன். "அப்படியா" என்றாள். அந்த 'அப்படியா'வின் ருசியை முப்பது வருஷமாக நான் அறிவேன். ஆனாலும் குறித்த நாளில் ஆபரேஷனுக்கு வந்தாள். வாக்குக் கொடுத்தவன் நான் அல்லவா, பூவுக்கு வழி தேட வேண்டியதாயிற்று.

ஆபரேஷனுக்கு முன்பே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக, குளிப்பதைக் குறைத்து ஊற்றினேன். மரம் நன்றியோடு தளதளவென்று இலை விட்டது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. அடுத்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேற்கே இல்லாவிட்டால் கிழக்கே இருக்கும் என்று யாரோ சொல்ல, உச்சி வெயிலில் அஞ்சுகிராமம்வரைக்கும் போனேன். போகிற வழியெல்லாம் கொன்றை மரங்கள் இருந்தன. எல்லாம் பூத்து முடித்துவிட்டன. முருங்கைக்காய்க்குத் தார் பூசித் தொங்கவிட்ட மாதிரி காய்கள். ஊர் ஊராக அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

விஷுவுக்கு முந்தின நாள் கருங்கல்லில் ஒரு ஃபேன்ஸி கடையில் நுழைந்தேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பிளாஸ்டிக் கொன்றை சரம் சரமாகத் தொங்கியது. வாங்கி இடுப்பில் சொருகி, சட்டையால் மூடிக்கொண்டு வந்தேன்.

"பூ இருக்கா?" என்று கறுப்புக் கண்ணாடியோடு கேட்டாள்.

"மரம் நெறைய இருக்கு" என்றேன்.

விடியலில் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடியவளைக் கைபிடித்துக் கூட்டி வந்தேன். விளக்கு வெளிச்சம் குறைவு, கண்ணோ புதுசு, என்ன தெரியப்போகிறது என்பது என் கணக்கு. ஆபரேஷன் செய்ததே தெரிவதற்காகத்தான் என்பது அந்த நேரத்தில் என் மண்டைக்கு எட்டவில்லை.

கண்ணைத் திறந்தாள். கனியைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்தாள்.

"காம்புல கம்பி தெரியுது" என்றாள்.

"வெயிலாச்சே, அதான் கொஞ்சம் விறைச்சுப் போச்சு" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட என்னைவிட நன்றாகச் செய்திருப்பான்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அந்த மஞ்சளுக்காகத்தானே பயத்தை எல்லாம் அடக்கிக்கொண்டு படுத்தாள். வரவில்லை. பூவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, விளக்கை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

"மூக்குல தோலு உரிஞ்சிருக்கு. கருத்துக் கரிக்கட்டையாப் போனிய. இந்த வெயிலுல எங்கெல்லாம் கெடந்து அலைஞ்சிய?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். கண் கலங்கியது. விளக்குப் புகை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அதையும் அவள் பார்த்துவிட்டாள்.