உச்சி மணி வரை வேகும் கடலை

செனோன் சோக்கெவில்கா, மலைமேல் நகரமான போதோசியின் சுரங்கக் கூட்டுறவில் இருபத்தாறு ஆண்டுகள் தாது எடை போட்டவர். ஓர் எடைச்சீட்டைக்கூட அவர் கிழித்தெறிந்ததில்லை. ஓய்வு பெற்ற பின், இடித்த வீடொன்றின் குப்பையில் கிடைத்த பழைய சமையல் கையேட்டையும் அதே கவனத்தோடு எடுத்து வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கையெழுத்து அது. எவரிடமும் கேளாமல், ஒவ்வொரு எழுத்துக்கும் அட்டவணை போட்டு, மூன்று ஆண்டுகளில் அதைப் படிக்கப் பழகினார். மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஒரு பக்கத்தைச் சமைப்பார். தெருவே தட்டோடு வந்து நிற்கும்.

சென்ற ஆண்டு நகர உணவு விழாவில் சமைத்து வைக்க அவருக்கு மேசை மறுக்கப்பட்டது. காகிதத்தில் கடலோர நகரமான லிமாவின் வணிகர் ஒருவரின் முத்திரை இருக்கிறது, ஆகவே இது லிமாக்காரர்களின் கையேடு, இதைப் போதோசிச் சமையல் என்பது பொய் என்று விழாக் குழுத் தலைவர் கொன்சாலோ எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை உறையோடு கோப்பில் வைத்தார் செனோன். பொய்யன் என்ற பெயரோடு சாக அவருக்கு விருப்பமில்லை.

ஆட்டிறைச்சிக் குழம்பின் பக்கத்தில்தான் அவருக்கு வழி தெரிந்தது. இரண்டு இரவு ஊறிய கொண்டைக்கடலையை விடியல் மணி முதல் உச்சி மணி வரை கொதிக்கவிடச் சொல்லியிருந்தது. ஆறு மணி நேரம்! நாலாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் குமிழியிடுமே தவிரப் போதிய சூடு ஏறாது. இங்கே கடலை அடம் பிடிக்கும். கீழே, சமவெளியில் என்னவாகும்?

"கீழ வேகவெச்சு யாரு பாத்தது?" என்று, செனோன் இதைச் சொன்னதும் சந்தையில் கொன்சாலோ மடக்கினார்.

பக்கத்து வீட்டு சத்துர்நீனா விடவில்லை. "உங்க பொண்ணு கீழ சமவெளியில, சாந்தா குரூஸ்லதானே இருக்கா, தலைவரே? அவ எங்க அண்ணனுக்காகப் பொய் சொல்லப் போறாளா?"

அந்த மாதக் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு இரு ஊர்களிலும் சட்டிகள் அடுப்பேறின. செனோனின் முற்றத்தில் கொன்சாலோவும் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, என்கிட்ட ரெண்டு குக்கர் இருக்கு. பசியில உயிர் போகுது!"

"விசில் வந்தா சாட்சி போயிடும், சத்துர்நீனா."

பதினோரு மணிக்கு செனோன் ஒரு கடலையைக் கடித்தார். நடுவில் மாவு நறநறத்தது. மூடியைப் போட்டு, நேரத்தையும் கடினத்தையும் குறித்துக்கொண்டார். உச்சி மணி அடித்தது. இம்முறை கடலை முழுசாக இருந்தது. நாக்கால் அழுத்தியதும் நசுங்கியது.

கொன்சாலோவின் கைபேசியில் மகள் நெல்வியின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "அப்பா, எந்தக் கிறுக்கன் ஆறு மணி நேரம்னு எழுதினான்? ஒன்பது மணிக்கே குழைஞ்சு போச்சு. இப்ப சட்டியில கடலையே இல்ல, பசைதான் இருக்கு. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்!"

"நம்ம ஊர்க் கிறுக்கன்தான்டி!" என்றாள் சத்துர்நீனா. முற்றமே சிரித்தது.

கொன்சாலோ சட்டியிலிருந்து இன்னொரு கடலையை எடுத்து நெடுநேரம் மென்றார். "மேசை உங்களுக்குத்தான். பலகையில போதோசின்னே எழுதிக்கங்க."

"காகிதம் லிமாக்காரங்களோடதுதானே, தலைவரே. அதையும் சேத்து எழுதுறேன்," என்றார் செனோன். "காகிதம் லிமா, அடுப்பு போதோசி."