விருத்தாசலத்தில் போட்ட துண்டு

கல்யாணமாகி வெள்ளிமலையிலிருந்து நைனார்பாளையத்துக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் எனக்கு நெய்வேலியில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் அதற்கு ரொம்ப முன்பிருந்தே அந்த ஊரில் எலக்ட்ரீஷியன். அவர் போகிற வழிதான் எனக்கும் வழி. சின்னசேலத்தில் பாசஞ்சர் ஏறி, விருத்தாசலத்தில் இறங்கி, மேம்பாலம் ஏறி இறங்கி, கடலூர் வண்டியில் மாறி உட்கார வேண்டும். உட்கார என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். சேலம் பக்கத்துக் கூட்டம், விழுப்புரம் பக்கத்துக் கூட்டம், திருச்சிக் கூட்டம் எல்லாம் அந்த ஒரே ஜங்ஷனில்தான் வந்து கொட்டும்.

அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். எந்த வண்டி முதலில் வருகிறதோ அதில் வந்தவர்கள் ஓடிப்போய், பின்னால் வருகிற தங்கள் ஆட்களுக்கும் சேர்த்து சீட்டில் துண்டு போட்டு வைப்பார்கள். துண்டு கிடந்தால் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் மலை ஜீப்பில் இந்தக் கதையெல்லாம் கிடையாது. இடம் இல்லையென்றால் மடி இருக்கிறது, மடியும் இல்லையென்றால் பின்னால் தொங்கல்.

முதல் நாள் எனக்கு இந்த வழக்கம் தெரியாது. அவருக்கு முன்னால் நான் கடலூர் வண்டியில் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் ஒரு துண்டு கிடந்தது. யாரோ பாவம், மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எடுத்து மடித்தேன். மடிக்கும்போதுதான் கவனித்தேன். பச்சைக் கரை, ஓரத்தில் நான் போட்ட தையல். கள்ளக்குறிச்சி சந்தையில் நான் வாங்கிக் கொடுத்து, காணாமல் போய், மாமியார் மேல் பழிபோட்டுச் சண்டை வரைக்கும் போன துண்டு அது.

"அது அண்ணனுக்குப் போட்ட எடங்க" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

உளுந்தூர்பேட்டையில் ஏறி வருகிறவள். அவள் வருகிற விழுப்புரம் வண்டி எங்கள் வண்டிக்கு முன்னாலேயே வந்துவிடும். சாயங்காலம் இவர் துண்டை அவளிடம் கொடுத்துவிட்டு வருவாராம், காலையில் அவள் இடம் போட்டு வைப்பாளாம். வருஷக்கணக்காக நடக்கிறதாம். அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கட்டின பெண்டாட்டிக்குத்தான் தெரியவில்லை.

நான் யாரென்று தெரிந்ததும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பின்னாலேயே வந்து ஏறிய இவர் என்னை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டார். இவர் சாப்பாட்டு டப்பாவிலிருந்து அவளுக்கும் கொடுப்பாராம், என் எள்ளுத் துவையல் தனக்கு உயிர் என்றாள். சாமைச் சோறு எப்படி இப்படி உதிரி உதிரியாக வருகிறது என்று கேட்டாள். அண்ணன் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாராம். என்னிடம் ஒருநாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாத வாய்! பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்குக் கால் எரிச்சல் இப்ப கம்மியா அண்ணி?" என்றாள்.

என்ன கால் எரிச்சல்? எனக்கு எதுவும் தெரியாது. பரவாயில்லை என்று சொல்லிவைத்தேன்.

வயிறு பற்றி எரிந்தது. அவள் வாய்க்கு வாய் அண்ணே என்று கூப்பிட்டதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. வேறு மாதிரி விஷயமாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்திருப்பேன். வீட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டு 'ம்', 'ம்ஹூம்' என்றே குடும்பம் நடத்துகிற மனுஷன், அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளிடம் கதை கதையாகப் பேசினார். வாய்விட்டுச் சிரித்தார். அதற்கு நான் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டைத் துவைத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் எனக்கும் ஒரு காலம் வந்தது. விழுப்புரம் வண்டி தாமதம் என்று அறிவித்தார்கள். மலை ஏறிப் பழகிய கால் எனக்கு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேம்பாலத்தில் ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசினேன். எனக்கும் அவருக்கும் இடம் கிடைத்தது. வழக்கப்படி அவளுக்கும் ஒன்று போட்டிருக்க வேண்டும், போடவில்லை. எதிர் சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதாவது பேசுங்களேன் என்றேன்.

கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "இன்னா பேசறது? வூட்ல பாத்துக்கினுதான இருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி கிளம்பப் போகும்போது அவள் மூச்சு வாங்க ஏறினாள். இடம் இல்லையென்று கண்டு நின்றுகொண்டாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை, அதுவேறு எனக்கு எரிச்சல். அவள் குரல் கேட்டதும் இவர் கண்ணைத் திறந்து நிமிர்ந்தார்.

"நேத்து டாக்டராண்ட போய்க்கினு வந்தேம்மா. காலைப் பார்த்துட்டு இன்னா சொன்னாருன்னா..."

அதற்குள் கூட்டம் நெருக்கி அவளை வாசல் பக்கம் தள்ளிவிட்டது. இவர் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. மீதியை என்னிடம் சொல்வார் என்று காத்திருந்தேன். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, அவரையும் சட்டையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். "இப்டி வந்து குந்துங்க" என்று அவளைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். இவர் டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் வயிறெரிய முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.